துரும்பைக் கிள்ளிப் போடாத விமானம்

"என் விமானம் பிறந்ததிலேர்ந்து யாருக்காகவும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்ல. என் உசுரு இருக்கிறவரைக்கும் போடவும் விடமாட்டேன்!"

பொழுதுபோக்கு விமானக் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பைலட் இப்படி முழங்கியபோது கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பைலட் என்பது தெரு வைத்த பெயர். பிழைப்பு, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது. விமானம் என்பது நாலு விசிறியும் ஒரு கேமராவும் உள்ள, சாப்பாட்டுத் தட்டளவு ட்ரோன்.

சட்டம் எளிது. விளையாட்டுக்குப் பறக்கவிட்டால் கிளப் அட்டை போதும். யாருக்காவது வேலை செய்து கொடுத்தால் அது தொழில், உரிமம் வேண்டும். உரிமத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டவருக்கு அந்த அட்டைதான் உயிர். ஆகவே விமானத்தின் உதவாக்கரைத்தனத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்.

மச்சான் தன் புது வீட்டை மேலிருந்து ஒரு படம் எடுக்கக் கேட்டார். "எடுத்துக் குடுத்தா ஃப்ரேம் போட்டு மாட்டுவீங்க மச்சான். அப்புறம் அது உபயோகமாயிடும்."

சனிக்கிழமை சும்மா பறந்துகொண்டிருந்தபோது, தன் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிவது கேமராவில் தெரிந்தது. சொன்னால் அது கண்காணிப்புப் பணி. வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு வட்டம் அடித்தார். தண்ணீர் படியிறங்கி வந்து மனைவியின் கைப்பையைக் குளிப்பாட்டியது. உள்ளே, நாற்பது வயதில் அவள் எழுதவிருந்த பட்டப் பரீட்சையின் ஹால் டிக்கெட்.

ஞாயிறு காலை அதை மாடிக் கொடியில் காயப்போட்டாள். காற்று அதைப் பக்கத்துக் கிடங்கின் தகரக் கூரையில் கொண்டுபோய்ப் போட்டது. கிடங்கு பூட்டிக் கிடந்தது. பரீட்சைக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

"உங்க விசிறியால ஊதித் தள்ளுங்க."

"அது வேலைடி. காத்தே தானா தள்ளினா சட்டத்துக்குச் சம்மதம்."

"அப்ப காத்துக்கு ஒரு மனு எழுதிப் போடுங்க. மூணு வருஷம் படிச்சிருக்கேன்." சொல்லிவிட்டுத் தெருவுக்கு இறங்கிப் போய்க் கிடங்குச் சுவரோரம் நின்றாள்.

பைலட் மாடியில் விமானத்தைக் கிளப்பினார். எதிர் பால்கனியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கிளப் செயலாளர். அட்டையைக் கொடுப்பவரும் பிடுங்குபவரும் அவரே.

"என்ன பைலட் சார், காலங்காத்தால? விளையாட்டா, வேலையா?"

விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். துலக்குவதை நிறுத்தி அவர் காத்திருந்தார்.

"வேலைதான் சார்," என்றார் பைலட் தணிந்த குரலில். விமானத்தைத் தகரத்துக்கு ஒரு முழம் மேலே இறக்கினார். காகிதம் ஒரு முறை படபடத்து, விளிம்பு தாண்டி, மனைவியின் ஏந்திய கைகளை நோக்கி இறங்கியது.