ராகு காலத்துக்கு முன்னால் எடுத்த கார்

ஈரச் சாக்கு நாற்றம்...

புதுக் கார் வாசனை, புதுக் கார் வாசனை என்று எல்லோரும் உருகுகிறீர்களே, எங்கள் வீட்டு முதல் காரின் வாசனை எனக்கு அதுதான்.

நேற்று நம் கார் குரூப்பில் ஒருவர் அந்த மாடலின் படத்தைப் போட்டு, "என்னா கம்பீரம்! இப்ப வர்ற தகர டப்பாவெல்லாம் பக்கத்துல நிக்க முடியுமா?" என்று எழுதியிருந்தார். லைக் குவிந்து கிடக்கிறது. டிசைனை நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முகப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். பழங்காநத்தத்தில் இருந்தோம். அப்பா ஆபீஸ் கிளார்க், ஓட்டியது பழைய ஸ்கூட்டர். ஆனால் தெருவில் யார் கார் எடுத்தாலும் முதலில் அப்பாவிடம்தான் வருவார்கள். கார் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பார். டீக்கடையில் அவர் சொன்னால் தீர்ப்பு.

"மாப்ள, பளபளப்பப் பாத்து மயங்காத. கதவு இடுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு பாரு. ரப்பரத் தூக்கிப் பாரு. மிதியடிக்குக் கீழ கைய விட்டுப் பாரு. அம்புட்டும் பாத்துட்டுத்தான் சாவிய வாங்கணும்."

அடுத்தவர்களுக்காக ஷோரூம் வரைக்கும் போய் சேல்ஸ்மேன்களை முழி பிதுங்க வைத்த மனுஷன்.

அவரே லோன் போட்டு கார் எடுத்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே வரச் சொன்னார்கள், போய் உட்கார்ந்தோம். "வாஷிங்ல இருக்கு சார்... இந்தா வந்துரும் சார்..." கூல்டிரிங்க்ஸ் வந்தது, வண்டி வரவில்லை. பத்தரைக்கு ராகு காலம். அம்மா கடிகாரத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே காலைத் தாண்டித்தான் மாலையும் ரிப்பனுமாக வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் ரெடி.

அப்பா குனிந்து கதவு ரப்பரில் கை வைத்தார்.

"சார், நல்ல நேரம் முடியப் போகுது," என்றான் சேல்ஸ்மேன். "மொதல்ல வெளிய எடுத்துருங்க. நம்ம வண்டிதான, எப்ப வேணாலும் பாத்துக்கலாம்."

"ஏங்க, ஏறுங்க," என்று அம்மா பதறினாள்.

அப்பா கையை எடுத்துவிட்டார்.

பழம் நசுங்கியது. நேராகத் திருப்பரங்குன்றம் போனோம். வழியெல்லாம் அப்பா சிரித்த சிரிப்பை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

முதல் மழைக்கே இடது கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. ஷோரூமில் கேட்டதற்கு, "இந்த மாடலே அப்புடித்தான் சார்" என்றார்கள். மறுபடி போனபோது, "வீட்டுல டியூப வச்சு தண்ணியப் பீச்சியடிச்சிருப்பீங்க" என்றார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே ரப்பரை உரித்துப் பார்த்தார். உள்ளே நசுங்கல் தெரியாமல் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தது. எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே எங்கேயோ இடி வாங்கிய வண்டி!

ஷோரூமில் கொண்டு போய்க் காட்டினோம். மேனேஜர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இம்புட்டு வெவரம் தெரிஞ்சவரு, அன்னைக்கே பாத்துச் சொல்லியிருக்க வேண்டியதுதான சார்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. கேஸ் போடலாம் என்றேன். அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"வேணாம்டா. கேஸ் போட்டா தெருவுக்கே தெரிஞ்சுரும். ஊருக்கெல்லாம் வண்டி பாத்துக் குடுத்தவன் தன் வண்டியில ஏமாந்தான்னு சொல்லுவாங்கெ."

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. மழை பெய்த மறுநாள் அப்பா மிதியடிகளை மொட்டைமாடியில் அம்மாவின் சேலைகளுக்குப் பின்னால் மறைத்துக் காயப்போடுவார். டீக்கடையில் "வண்டி எப்புடிண்ணே?" என்று கேட்டால் "அருமையா ஓடுது" என்பார். பிறகு டீக்கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். யாராவது வண்டி பார்க்கக் கூப்பிட்டால், "எனக்கென்னப்பா தெரியும், நீங்களே பாத்துக்கங்க..." பத்திரிகை வாங்குவதும் நின்றது.

ஒரு கதவுக்குப் பட்டி வைத்து ஒரு மனுஷனையே முடக்கிப் போட்டான்கள், பாவிகள்.

இப்போதெல்லாம் டெலிவரிக்கு முந்தின நாளே வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போகிறோம், வீடியோ எடுக்கிறோம், டார்ச் அடித்துப் பார்க்கிறோம். அப்பா டீக்கடையில் சொன்னதைத்தான் இன்றைக்கு யூடியூபில் பெரிய ரகசியம் போலச் சொல்கிறார்கள்.

அப்பா போன பிறகு நான் ஒரு கார் எடுத்தேன். அதுவும் வெள்ளிக்கிழமை. முந்தின நாளே பார்த்த வண்டிதான், ஆனாலும் மறுபடி குனிந்தேன். அந்த ஷோரூம் பையனும் அதே பாட்டைப் பாடினான். "சார், ராகு காலம் வரப் போகுது..."

"வரட்டும் தம்பி."

நான்கு கதவு ரப்பரையும் தூக்கினேன். மிதியடிக்கு அடியில் கையை விட்டேன். மனைவி முறைத்துக்கொண்டே நின்றாள். வண்டி வெளியே வந்தபோது ராகு காலம் பாதி முடிந்திருந்தது.

இன்றைக்கும் மழை பெய்தால் முதலில் கீழே போய் மிதியடிக்கு அடியில்தான் கை வைக்கிறேன். ஒரு சொட்டு ஈரம் இருக்காது. சந்தோஷப்பட வேண்டும்தானே... எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. இந்தக் காய்ந்த மிதியடி அப்பாவுக்குக் கிடைத்திருக்க வேண்டியது.