அரளி வெட்டிய கட்டர்

போன ஞாயிறு மதியம். சாம்பாரிலிருந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்தவன், வாயருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டேன். துண்டின் முனை வழுவழுவென்று இருந்தது. ஒரு நார்கூடத் தொங்கவில்லை. எங்கள் வீட்டுக் கத்திக்கு இந்தச் சாமர்த்தியம் ஏது?

"எதுலக்கா வெட்டுன?" என்றேன்.

திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த அக்கா, மகள் நிலாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "உன்ற செடி வெட்டுற கட்டர்லதான் சாமி. உங்க ஊட்டுக் கத்தி எங்க அறுக்குது... தடவித்தான் குடுக்குது."

நிலாவின் தட்டைப் பிடுங்கினேன். நாலு வயதுக் குழந்தை. மூன்று வாய் சாப்பிட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை முழுக்க அந்தக் கட்டரோடுதான் குடித்தனம். போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளில் தேய்த்து, பிளேடைத் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் இழுத்தேன். கட்டர் பிளேடுக்கு ஒரு பக்கம்தான் சரிவு. அதை மட்டும்தான் தீட்ட வேண்டும். இரண்டு பக்கமும் தீட்டினால் கிளையை வெட்டாது, நசுக்கும். இதற்கு முன் ஒரு கட்டரை அப்படிக் கெடுத்தவன் நான்... அதனால் இந்த முறை அவ்வளவு கவனம்! பழைய நியூஸ்பேப்பரை வைத்தேன். சர்ரென்று இறங்கியது. வீட்டில் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஞாயிறு காலை அதே கட்டரால், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டுக் கேட்டோரம் நிற்கும் அரளியைக் கத்தரித்தேன். விரல் தடிமன் கிளைகூட வெள்ளரிக்காய் மாதிரி விழுந்தது. பிளேடில் பிசுபிசுவென்று சாறு. கழுவ வேண்டும் என்றுதான் சிங்க் பக்கத்தில் வைத்தேன். அதற்குள் பேப்பர் வெட்டிய வீடியோவைக் குடும்ப க்ரூப்பில் போட வேண்டும் என்ற அவசரம். போட்டேன். லைக் எண்ணினேன். கழுவுவது மறந்தே போனது.

அரளி என்ன செய்யும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? பூ சாமிக்கு. இலை, தண்டு, சாறு எல்லாம் விஷம். கொதிக்க வைத்தாலும் போகாது.

அக்காவோடு வந்திருந்த மாமா காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்து, பிளேடில் எவ்வளவு சாறு இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிளேடின் சரிவு எத்தனை டிகிரி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்!

நிலாவின் குட்டி நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். மானிட்டரில் கோடு ஏறி இறங்கியது. அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வரை வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. நிலா ஐஸ்க்ரீம் கேட்டாள். உள்ளே போனது மிகக் கொஞ்சமாக இருக்க வேண்டும், இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாமா வாயைத் திறந்தார். "தீட்டறதுக்கு ஒரு நாளு ஆச்சு. சோப்புப் போட எத்தன நாளு ஆகும் மாப்ள?"

வீட்டுக்கு வந்ததும் சாம்பாரைக் குழி தோண்டிக் கொட்டினேன். பாத்திரம், பலகை, கட்டர் எல்லாவற்றையும் சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்த்தேன். கட்டரைத் துடைத்து, எண்ணெய் தடவி, பரண் மேல் ஏற்றினேன். யோசித்துப் பாருங்கள்... கூர் இருக்கிறதா என்று எத்தனை பேர் சோதிக்கிறோம்? சுத்தம் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

அக்கா ஊருக்குக் கிளம்பும்போது, மாடித் தொட்டியிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை போன் வந்தது.

"தம்பி, இந்தக் கறிவேப்பிலைய எதுல வெட்டுன?"

வெட்டவில்லை, கையால்தான் ஒடித்தேன் என்றேன்.

"கையக் கழுவுனயா?"