மனிதர் வாழாத தீவு

அந்தத் தீவில் எந்தக் காலத்திலும் மனிதர் வாழ்ந்ததில்லை என்று சொன்னார்கள். நான் அங்கேதான் பிறந்தேன்.

றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். கீழ்ப்பிரிவில் ஒரு மேடு. அதன் இரண்டு பக்கமும் ஓடை. மேட்டின் மேல் ஒரு லயம், தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். கடைசிக் காம்பரா எங்களுடையது. இஸ்தோப்பில், முன் திண்ணையில், நின்றால் ஓடைத் தண்ணீர் விழும் பீலியில் யார் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று தெரியும். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் அம்மாவும் நானும். அடுத்த காம்பராவில் மாமா, அம்மாவின் தம்பி.

எனக்கு ஏழு வயதானபோது, லயம் பழசு, மழைக்கு நிற்காது என்று சொல்லி எல்லோரையும் மேல்பிரிவுக்கு அனுப்பினார்கள். புது வீடு கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது இன்னொரு பழைய லயம். அது மழை நின்ற பிறகும் ஒழுகியது.

பிறகு தோட்டத்துத் துரை இருந்த பங்களாவும் கீழ்ப்பிரிவும் ஒரு கொழும்பு முதலாளியின் கைக்குப் போனது. பங்களாவை ஹோட்டல் ஆக்கினார். எங்கள் லயத்தை இடித்தார். மேட்டைச் சுற்றி அகலமாக வாய்க்கால் வெட்டி, ஓடையைத் திருப்பிவிட்டார். மேடு தீவாகிவிட்டது. வாய்க்கால் வெட்டியது எங்கள் ஆட்கள்தான். மாமாவும் வெட்டினார். தீவுகள் கடவுள் படைத்தவை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு லொறி லொறியாகச் சீமெந்தும் கம்பியும் வந்தது. கொஞ்ச நாளில் மரங்களுக்கு மேலே ஒரு கழுத்து தெரிந்தது. பிறகு ஒரு வாய். டைனோசர் தீவு என்று பேர் வைத்தார்கள்.

கொழுந்தெடுக்கும் பெண்கள் மேல்ரோட்டில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பெரிய வாயும் குட்டிக் கையுமாக ஒன்று நின்றது. புது லயத்தில் பக்கத்துக் காம்பரா அத்தை அதைப் பார்த்து, "வாய் எம்மாம் பெருசு, கை எத்துனூண்டு பாரு. நம்ம சங்கத் தலைவரு மாதிரியே இருக்கு," என்றார். அன்றிலிருந்து அதற்குத் தலைவர் என்றே பேர். டிக்கட் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. டிக்கட் வாங்க எங்களில் யாரால் முடியும்? நான் பிறந்த இடத்தை நான் ரோட்டில் நின்றுதான் பார்த்தேன்.

மாமாவுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. அவருக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்கிற வேலை. காக்கித் தொப்பி கொடுத்தார்கள். கையில் ஒரு பிரம்பு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாமா எல்லோருக்கும் எங்கள் லயத்தைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். இங்கே பீலி இருந்தது, இங்கே இன்னார் இருந்தார்கள் என்று சொல்லாமலா இருப்பார்?

எனக்குப் பத்து வயதில் எங்கள் பள்ளிக்கூடத்தை ஒரு நாள் சும்மா உள்ளே விட்டார்கள். படம் பிடித்துப் போட ஹோட்டலுக்கு ஏழைப் பிள்ளைகள் வேண்டியிருந்தது. எங்களைக் கூட்டிப்போன வாத்தியார் சேர் யாழ்ப்பாணத்துப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு தவணை, மூன்று மாசம்கூட ஆகவில்லை. நல்ல மனுசன். பாலத்தடியில் எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"இது கற்பனைத் தீவு, பிள்ளையள். எண்டாலும் மலை எங்கை, ஆறு எங்கை, எந்த மிருகம் எங்கை இருக்குது எண்டு வடிவாக் கவனியுங்கோ. நாளைக்குக் கேப்பன்."

மாமா பாலத்தின் அந்தப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார். சிங்களத்தில் ஆரம்பித்தார். சேர் தடுத்து, தமிழ்ப் பிள்ளைகள்தானே, தமிழில் சொல்லுங்கள் என்றார். மாமா பிரம்பைக் கை மாற்றிக்கொண்டார். அதுவரை அவர் அதைத் தமிழில் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டி வரும் என்றும் நினைத்திருக்க மாட்டார்.

பல கோடி வருசத்துக்கு முன்னால் கடலுக்குள்ளேயிருந்து எழும்பிய தீவு என்றார். வடக்கே எரிமலை. தெற்கே யாரும் இறங்க முடியாத சதுப்பு. கிழக்கே ஆதிக்காடு. மேற்கே மிருகங்கள் தண்ணீர் குடிக்கும் ஆறு.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எரிமலை நின்றது எங்கள் லயத்துக் கக்கூஸ் இருந்த இடம். பின்னால் யாரோ ஈரத் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்க முடியாத சதுப்பில் அம்மா கங்குன் கீரை போட்டிருந்தாள். தினமும் இறங்கிப் பறிப்பாள். ஆதிக்காட்டில் எங்கள் கமுகுகள்தான். இடையில் பிளாஸ்டிக் பன்னைச் செடிகளை நட்டிருந்தார்கள். அங்கே தானாக முளைத்த பன்னையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கை நட்டிருந்தார்கள்.

மிருகங்களையும் காட்டினார். கழுத்து நீண்டது இலை மட்டும் தின்னுமாம், யாரையும் ஒன்றும் செய்யாதாம். மூன்று கொம்பு உள்ளது கூட்டமாகத்தான் போகுமாம். பறப்பது ஒன்று கமுகில் கம்பியால் தொங்கியது. இரத்தம் குடிக்கும் மிருகம் உண்டா என்று ஒரு பையன் கேட்டான். அந்த நேரம் எங்கள் எல்லோர் காலிலும் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. வாய்க்காலிலிருந்து உடும்பு மாதிரிப் பெரிதாக ஒரு கபரகொய்யா நாக்கை நீட்டிக்கொண்டு மெதுவாகக் கரையேறியது. பிள்ளைகள் கத்தினார்கள். சேர் படம் பிடிக்கப் போனை எடுத்தார்.

"பயப்பட வேணாம்," என்றார் மாமா. "இது அதுங்களோட பேரப்புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவரை எனக்குப் பெரிய கோபம் இல்லை.

தலைவர் நின்ற இடத்துக்குப் போனோம். அதன் பாதத்தைப் பார்த்தேன். கீழே சிவப்புச் சாயம் போட்ட சீமெந்துத் தரை. குறுக்கே ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பில் குச்சி விட்டு நான் எறும்பு பிடித்திருக்கிறேன். அது எங்கள் இஸ்தோப்பு. லயத்தை இடித்தவர்கள் தரையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், மிருகத்துக்கு அத்திவாரச் செலவு மிச்சம் என்று.

அங்கே நின்றுதான் மாமா அதைச் சொன்னார். "இந்தத் தீவுல மனுசங்க யாரும் எந்தக் காலத்துலயும் வாழ்ந்ததில்ல."

மூன்று மொழி தெரிந்த ஊரில், இதையே சொன்ன பாலத்தடிப் பலகையைச் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மட்டும் எழுதியிருந்தார்கள். அதனால் இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. இப்போது தமிழில் கேட்டேன். அதுவும் மாமா வாயால்.

"மாமா, நாங்க இருந்தோமே," என்றேன்.

அவர் கேட்காத மாதிரி நடந்தார். நான் திரும்பவும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இது கற்பனை என்று முதலிலேயே சொன்னேனே பிள்ளை என்றார் சேர்.

"அப்ப எங்க லயம் கற்பனையா சேர்?"

சேர் மாமாவைப் பார்த்தார். மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அந்தப் புள்ள வெளையாடுது சேர்," என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அடுத்த காம்பராவில் இருந்தவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் பீலிக்குப் போனவர்.

அங்கிருந்து எங்கள் காம்பராவுக்குப் பின்பக்கம் போனோம். பலாமரம் அப்படியே இருந்தது. அதன் வேருக்கு நடுவில் மண்ணைக் குவித்து, சுற்றி வெள்ளைக் கல் வைத்து, கயிறு கட்டியிருந்தது. நடுவில் சில சீமெந்து முட்டைகள். மாமா குரலைத் தாழ்த்தினார்.

"இது முட்டையிட்ட எடம். இங்க மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது. தாய் பக்கத்துலதான் இருக்கு."

குழப்படிப் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் எங்களையே கால் வைக்கக் கூடாது என்கிறார். நான் கயிற்றைத் தாண்டினேன். ஒரு முட்டையைக் காலால் தள்ளினேன். அது உருண்டு வேரில் முட்டி நின்றது.

"இது எங்க வீட்டுப் பின்பக்கம். முட்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றேன்.

மாமா பிரம்பைப் போட்டுவிட்டு வந்தார். என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. தொப்பி கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. முழங்காலில் உட்கார்ந்து முட்டையைத் திரும்ப வைத்தார். நான் மிதித்த இடத்தை உள்ளங்கையால் தடவித் தடவிச் சரி செய்தார். ஒரு சீமெந்து உருண்டைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளையை இப்படி அடிக்கலாமா என்று சேர் கேட்டார்.

"எங்கக்கா மக சேர்," என்றார் மாமா. அக்கா மகள் என்றால் அடிக்கலாம் போல.

திரும்பி மேலே ஏறும்போது வழி நெடுக, முட்டையைத் தள்ளினதுக்குத் தாய் ராத்திரி தேடி வரும் என்று பையன்கள் கிண்டல் பண்ணினார்கள். நான் அழவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியதை வரிசையாக யோசித்துக்கொண்டே நடந்தேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. சில நாள்தான் இருந்தது. பேர் வைக்கவில்லை. காம்பராவுக்குப் பின்னால் பலாமரத்தடியில் புதைத்தார்கள். குழி வெட்டியது மாமா. அப்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. மேட்டில் டோசர் ஏறியபோது அடையாளத்துக்கு வைத்த கல்லும் போய்விட்டது. அங்கே பிள்ளை இருக்கிறது என்று சொன்னால் தோண்டி எங்காவது போடுவார்கள். இல்லாவிட்டால் தோண்டாமலே மேலே ஒரு மிருகத்தை நிறுத்துவார்கள். மாமா வாயைத் திறக்கவில்லை. முட்டைக் கூடு ஒன்று வைத்தால் சனத்துக்குப் பிடிக்கும் என்று மட்டும் மெனேஜரிடம் சொன்னார். மிஞ்சிய சீமெந்தில் முட்டைகளைத் தானே பிடித்தார். கயிற்றைத் தானே கட்டினார். அந்த வேலையில் அவர் இருந்ததே அதற்குத்தான்.

இதை அம்மா எனக்குச் சொன்னது, என் முதல் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று. அன்றும் நிறையச் சொல்லவில்லை.

மாமா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. பலகை எழுதியவன் மேல் இருக்கிறது. அது போகாது. மனிதர் வாழ்ந்ததில்லையாம். வாழ்ந்தும் இருக்கிறார்கள், செத்தும் இருக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. அம்மா அப்போதுதான் கொழுந்தெடுத்துவிட்டு மலையிலிருந்து வந்து, படியில் உட்கார்ந்து அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தைக் காட்டினேன். மாமா பொய் சொன்னதை, என்னை விளையாடுகிறேன் என்றதை, முட்டைக்காக அறைந்ததை எல்லாம் சொன்னேன். முட்டை என்றதும் அம்மாவின் கை நின்றது.

"எந்த எடத்துல?"

"பலாமரத்தடியில."

"மிதிச்சியா?"

"ஒரு காலுதான் வெச்சேன்."

அம்மா என் காலைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்க்கவில்லை.

"கயிறு கட்டித்தான் இருக்கா?"

இருக்கிறது என்றேன். மண் கலைந்ததா என்று கேட்டாள். மாமா தடவிச் சரி செய்துவிட்டார் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடிபட்டவள் நான். அவள் கயிற்றையும் மண்ணையும் விசாரிக்கிறாள்.

பொழுது சாய மாமா வந்தார். உள்ளே வராமல் இஸ்தோப்பில் நின்றார். இப்போது விழப்போகிறது திட்டு என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உள்ள வா தம்பி," என்றாள் அம்மா.

தட்டைக் கழுவி முதல் சோற்றை அவருக்குப் போட்டாள். பொரித்த கருவாட்டில் பெரிய துண்டு எப்போதும் எனக்குத்தான். அன்று அதை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை.

என்னை அடித்தவருக்கு என் கருவாடு. இந்த வீட்டில் நியாயம் கேட்க ஆள் இல்லை என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.