பதினைந்தாவது இழுப்பு

வெர்னா ஸ்கோலன் முப்பத்தொரு ஆண்டு மூன்று மாதம் தபால் வண்டி ஓட்டினாள். மிசூரி ஆற்றை ஒட்டி எழுபத்தெட்டு மைல், இருநூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு வாக்குவாதம் வைத்திருந்தாள் என்று மொண்டானாவின் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அது மிகை. ஆள் குடியிராத பெட்டிகள் ஒன்பது இருந்தன.

விடுமுறை நாட்களில் மீன் பிடித்துவந்தவள், ஓய்வு பெற்றபின் ஆறே கதி என்று கிடந்தாள். ஒரு கையால் வீசும் ஒன்பதடித் தூண்டில் கோல், நூலின் நுனியில் இறகும் மயிரும் சுற்றிய பொய் ஈ. மிதக்கும் ஈயை ட்ரவுட் மீன் உறிஞ்சிய நொடியில் கோலைத் தூக்க வேண்டும். தூக்குவதில் அவளை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. அப்படி நாற்பது வருடம் தூக்கிய தோள் போன மார்ச்சில் கிழிந்தது. அறுவை செய்த மருத்துவர், இனி கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் வீசக் கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அரிசோனாவிலிருந்து மகள் ஜோலீன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்துக்காகத்தானேம்மா நீயும் அப்பாவும் அந்தக் குளிர்ல கெடக்கீங்க. அதுவும் இல்லைன்னா வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்க."

"ரெண்டு கையால வீசுற கோல் இருக்குடி. தோளுக்கு மேல தூக்க வேண்டாம்."

"அதுல ஒரு மீனாவது புடிச்சிருக்கியா?"

"அக்டோபர் முப்பத்தொண்ணுக்குள்ள புடிக்கிறேன். இல்லைன்னா மறுநாளே வாசல்ல விற்பனைப் பலகை நடுறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள். அதற்குள் ஜோலீன் தேதியைக் குறித்துக்கொண்டாள்.

வீச்சு ஐந்தே நாளில் வந்துவிட்டது. பதினோரடிக் கோலை இரு கையாலும் பிடித்து, நூலை நீரின் மேல் ஒரு சுழற்று சுழற்றி, எதிர்க்கரைப் பக்கம் சாய்வாக அனுப்ப வேண்டும். மீதியை ஆறு பார்த்துக்கொள்ளும். நீரோட்டம் நூலை வளைத்து, மூழ்கிய ஈயைக் குறுக்கே இழுத்துக்கொண்டு நம் கரைக்கே வரும். பிறகு ஆற்றின் போக்கில் இரண்டு எட்டு வைத்து, மறுபடி வீச்சு.

கோளாறு அவள் கையில் இருந்தது. இந்த முறையில் மீன் ஈயைக் கவ்வித் திரும்பி ஓடும். ஓடும்போது ஈக்குள் இருக்கும் தூண்டில் முள் தானே வாயோரத்தில் ஏறும். அதுவரை கோல் அசையக் கூடாது. செப்டம்பர் பத்து முதல் அக்டோபர் இருபத்தெட்டு வரை பதினேழு நாள் ஆற்றில் இறங்கினாள். பதினான்கு முறை மீன் இழுத்தது. பதினான்கு முறையும் கோலைத் தூக்கி, மீனின் வாயிலிருந்து ஈயைப் பிடுங்கிக்கொண்டாள். ஒருநாள் கணவன் ஆர்ன் அவள் முழங்கையை இடுப்பு வாரோடு சேர்த்துக் கட்டிவிட்டான். அவள் இடுப்போடு தூக்கி, ஆற்றில் உட்கார்ந்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு ஆற்றின் கொட்டகை வளைவில் வீசிக்கொண்டிருந்தாள். ஆர்ன் கரையில் மடக்கு நாற்காலியில் காப்பியோடு இருந்தான். அப்போது கோலைத் தூக்கிக்கொண்டு டெல்பர்ட் யோஸ்ட் வந்தான். ஆட்டுப் பண்ணைக்காரன், அவள் தபால் பாதையில் நூற்று நாற்பதாம் பெட்டி.

"வெர்னா, உனக்கு மேல இறங்கிக்கலாமா?"

முன்னால் இருப்பவரைக் கேட்டுவிட்டு, நீர் வரும் மேற்பக்கம்தான் இறங்க வேண்டும். அவர் நகர்ந்தால்தான் இவரும் நகரலாம். அது அந்த ஆற்றின் ஒழுங்கு.

"இறங்கு. என் முதுகுல மட்டும் வீசாதே."

"நீ நகர்ந்தா நான் ஏன் வீசுறேன்? வேர் விட்ட மாதிரி நிக்கிறே. விற்பனைப் பலகை வாங்கியாச்சா? ஊரெல்லாம் அதே பேச்சு. எங்கிட்ட பழசு ஒண்ணு கெடக்கு."

வெர்னா வீசினாள். நூல் போய் விழுந்தது, வளையத் தொடங்கியது. டெல்பர்ட் விடவில்லை.

"புதுசா வந்திருக்கிற தபால்காரப் பொண்ணு தங்கம். கடுதாசி காஞ்சு வருது. உன் காலத்துல பாதி நனைஞ்சுதான் வரும்."

வெர்னா மொத்தமாக அவன் பக்கம் திரும்பினாள்.

"நனைஞ்சு வந்துச்சா? உன் பெட்டிக்குக் கதவு ஏதுய்யா? தொண்ணூத்தெட்டு நவம்பர்ல உன் கடா முட்டிப் பிச்சுடுச்சு. கதவு மாட்டுன்னு ஒன்பது வருஷம் சீட்டு எழுதி வச்சேன். மழை பெய்யறப்பல்லாம் பிளாஸ்டிக் பையில முடிஞ்சு வச்சது யாரு, உன் கடாவா?"

"வெர்னா," என்றான் ஆர்ன்.

"இரு, முடிச்சுக்கிறேன்."

"மீன்."

"என்ன மீன்?"

நூல் உருளை கிறீச்சிட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோல் பாதி வளைந்திருந்தது. அவள் கை இருந்த இடத்திலேயே இருந்தது. பழுப்பு ட்ரவுட், பதினெட்டே கால் அங்குலம். ஆர்ன் அளந்து ஆற்றில் விட்டான். மீன் பிடித்தவர் கரையேறி வரிசையின் பின்னால் போக வேண்டும். வெர்னா டெல்பர்ட்டைத் தாண்டிப் போகும்போதும் கதவைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள்.

ஜோலீன் தொலைபேசியில் துருவினாள்.

"நீயா கையை அடக்கினியா, தானா மாட்டுச்சா?"

வெர்னாவுக்குப் பொய் வராது. "தானா."

"அப்ப அது நீ புடிச்சதில்லையே."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆர்னைக் கரையில் பத்தடி தள்ளி நிற்க வைத்தாள்.

"ஏதாவது பேசு."

"என்ன பேச?"

"தப்பா ஏதாவது சொல்லு. எனக்குக் கோவம் வரணும்."

கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடமாக அவன் கவனமாகத் தவிர்த்துவந்த காரியம் அது. குளிர்ந்த காப்பியைப் பார்த்தபடி யோசித்தான்.

"உன் தங்கச்சி உன்னைவிட நல்லா வண்டி ஓட்டுவா."

"யாரு, பர்டியா? ரெண்டாயிரத்து மூணுல கொட்டகைச் சுவத்துல கொண்டுபோய்..."

எட்டாவது வீச்சில் அவள் பர்டியின் இரண்டாவது விபத்தில் இருந்தபோது மீன் இழுத்தது. இழுத்தது அவளுக்குத் தெரிந்தது. பேச்சை நிறுத்தவில்லை, கையையும் தூக்கவில்லை. மூன்றாவது விபத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் கோலைக் கரைப் பக்கம் சாய்த்து மீனை இழுத்தாள். பதினாறரை அங்குலம்.

நவம்பர் ஒன்றாம் தேதி வாசலில் பலகை எதுவும் நடப்படவில்லை. ஆர்னுக்குத்தான் வேலை கூடிவிட்டது. ஆற்றுக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் புதிதாக ஒரு தப்பை யோசித்துக்கொண்டு போக வேண்டும். பழையதைச் சொன்னால் அவளுக்கு உறைப்பதில்லை.