மனசும் மனசும் பேசுமா? சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் இடையே ஐந்து வியாழக்கிழமைகள்

போன வாரம் ஒரு வாசகர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "அம்மா, சிதம்பரத்தில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் கடலூர் போய்வர நினைக்கிறோம். ரயிலா, பஸ்ஸா?" ரயில் என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தடத்தின் பெயரைப் படித்ததுமே எனக்கு 1966ஆம் வருஷத்து ஆடி மாதம் வந்துவிட்டது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அடுத்தடுத்து ஐந்து வியாழக்கிழமைகள் அந்த ரயிலில் போய்வந்தேன். கோயிலுக்காக இல்லை, கடற்கரைக்காகவும் இல்லை. ஒருவர் மனதில் நினைப்பது தூரத்தில் இருக்கும் இன்னொருவர் மனதுக்கு எட்டுமா என்று சோதித்துப் பார்ப்பதற்காக!

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடி வீட்டில் அந்த ஆராய்ச்சி நடந்தது. நடத்தியவர் மனோதத்துவ ஆசிரியராக இருந்து, இந்தப் பைத்தியத்துக்காகவே வேலையை விட்டவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் அவரை 'சார்' என்போம். நாங்கள் என்றால் நானும் ஒரு டைப்ரைட்டரும்தான், வேறு ஊழியர் கிடையாது. எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பேய், மந்திரம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார். "நம்பறதுக்கு நாம இங்க உட்காரலை, எண்ணிப் பார்க்கறதுக்கு உட்கார்ந்திருக்கோம்" என்பார்.

அந்த வருஷம் அவர் காதுக்கு ஒரு செய்தி வந்தது. சிதம்பரம் லால்கான் தெருவில் மைமூன் என்று ஒரு பெண். அவளுடைய அக்கா ஜுலைகா கடலூர் முதுநகரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு நாள் காலை மைமூன் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "லாத்தாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அழுதாளாம். அக்காவை அவர்கள் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு நாள் கழித்து, கடலூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி சொல்லித் தெரிந்தது: அதே காலையில் ஜுலைகாவின் வலது கையில் கஞ்சி கொட்டிக் கொப்பளித்திருந்தது.

சாரை இழுத்தது இன்னொரு விஷயம். அக்காவும் தங்கையும் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் அவர்களுடைய கணவர்மாருக்குள் வார்த்தை தடித்துவிட்டது. யாரை முதலில் உட்காரச் சொன்னார்கள் என்பதுதான் சண்டை. அன்றோடு போக்குவரத்து நின்றது, கடிதமும் கூடாது என்று இருவருமே தடுத்துவிட்டார்கள். "ரெண்டு பேருக்கும் தொடர்பே இல்லை. நாம கட்டுப்பாடு போட வேண்டிய வேலையை அவுங்க வீட்டுக்காரங்களே செஞ்சு வச்சிருக்காங்க" என்றார் சார். மனிதருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

இரண்டு வீட்டிலும் அனுமதி வாங்கினோம். ஆராய்ச்சி என்றதும் கணவர்கள் இருவருமே மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: இங்கத்திய பேச்சு அங்கே போகக்கூடாது. எங்கள் நிபந்தனையும் அதேதான்.

இனி பயணம். காலை ஏழு நாற்பதுக்குச் சிதம்பரத்தில் பாசஞ்சர். மீட்டர் கேஜ், கரி எஞ்சின். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் ஐந்து காசு. முப்பத்தேழு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம். கிள்ளை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். கிழக்கே பார்த்தால் ஆறு அகன்று கடலுக்குப் போகும் வெளிச்சம் தெரியும். பிறகு பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். ஜன்னலில் சவுக்குத்தோப்பு மாறி மாறி வரும். வெள்ளைப் புடவை கட்டினால் கரித்தூள் பொட்டுப் பொட்டாக விழும் என்று முதல் வாரமே கற்றுக்கொண்டேன். ஒன்பது பத்துக்கு முதுநகர் ஸ்டேஷன். அங்கிருந்து துறைமுகப் பக்கம் ஜுலைகா வீட்டுக்கு சைக்கிள் ரிக்‌ஷா, நாலணா.

சோதனை எளிமையானது. வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து படங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாக இருபத்தைந்து சீட்டுகள். சிதம்பரத்தில் சார் சீட்டுகளைக் கலைத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் மைமூனிடம் கொடுப்பார். சரியாகப் பதினொரு மணி முதல், நிமிஷத்துக்கு ஒன்றாக அவள் எடுத்து உற்றுப் பார்க்கவேண்டும். அதே நிமிஷத்தில் கடலூரில் ஜுலைகா தன் மனதில் தோன்றும் படத்தைச் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். இரண்டு கடிகாரங்களையும் காலை ரேடியோ மணிக்குச் சரிசெய்திருப்போம். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும். அதைவிட நிறைய வந்தால்தான் விஷயம்.

முதல் வாரம் நாலு வந்தது.

இரண்டாவது வாரம் ஜுலைகாவிடம் அதைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அவள் முகம் சுருங்கியது. முப்பது வயதுக்காரி, ஒல்லி, பேசும்போது முக்காட்டை இழுத்து இழுத்துவிட்டுக்கொள்வாள்.

"சரியா வரலைன்னா நீங்க வரமாட்டீங்களா டீச்சர்?"

"இன்னிக்கும் இப்படியே இருந்தா சார் நிறுத்திடுவார்னு நினைக்கிறேன்."

அன்று சோதனை முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தாள். கிளம்பும்போது ஒரு தகர டப்பாவை நீட்டினாள். "அச்சு முறுக்கு. தங்கச்சிக்கு ரொம்பப் புடிக்கும். குடுத்துடுங்க. முறுக்கு என்னா, பேசவா போவுது?"

நிபந்தனை எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கையில் கொப்பளத் தழும்பு இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே மறுக்க முடியவில்லை.

சாயந்திரம் சாரும் நானும் தாள்களை ஒப்பிட்டோம். ஆறு. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "நாம கலைச்சுக் குடுக்கறதால அவங்க மனசு ஒட்டலையோ என்னவோ? எந்தப் படம்னு மைமூனே எடுத்துக்கட்டுமே சார்" என்றேன். யோசித்து, "சரி, ஒரு வாரம் பார்ப்போம்" என்றார். நான் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பும் வழியில் டப்பாவை மைமூனிடம் கொடுத்து, அடுத்த வியாழன் முதல் அவளே படத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். டப்பாவை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது வியாழன் காலை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பக்கூடாது என்று அதில் ரவா லட்டு வைத்திருந்தாள்.

அன்று இருபத்தைந்துக்குப் பதினேழு!

சார் மூன்று முறை எண்ணினார். "இது தற்செயலா வர்றதுக்கு வாய்ப்பே இல்லைம்மா" என்றார். அன்று இரவே வெளிநாட்டிலிருந்த ஓர் ஆராய்ச்சிக் கழகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எத்தனையோ வருஷம் ஊர் சிரிக்கத் தனியாக எண்ணிக்கொண்டிருந்த மனிதர். நானும் அன்று தூங்கவில்லை.

நாலாவது வியாழன். ஜுலைகா தயக்கமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். வழக்கம்போல் டப்பாவும் கொடுத்தாள். இரண்டு இருபது ரயிலைப் பிடித்துப் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தேன். புதுச்சத்திரத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மடியிலிருந்த டப்பா கீழே விழுந்து மூடி தெறித்தது. முறுக்கோடு, அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழேயிருந்து இன்னொரு காகிதமும் வந்து விழுந்தது.

முழுக்க அரபி எழுத்து. தமிழை அரபி எழுத்தில் எழுதும் பழக்கம் அவர்கள் வீட்டுப் பெண்களிடம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் கடிதத்தின் கடைசியில் இருந்ததைப் படிக்க எழுத்தறிவே வேண்டியதில்லை. நட்சத்திரம், அலை, அலை, வட்டம், சதுரம்… வரிக்கு ஐந்தாக ஐந்து வரி.

சோதனைச் சீட்டும் இருபத்தைந்துதான். பரங்கிப்பேட்டையில் துப்பட்டி போர்த்திய முஸ்லிம் அம்மாள் ஒருத்தர் ஏறி எதிரே உட்கார்ந்தார். அவரிடம் நீட்டியிருந்தால் படித்துச் சொல்லியிருப்பார். நீட்டவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது, காகிதத்தை ஆற்றில் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. சாருடைய முகமும் வந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நேரே லால்கான் தெருவுக்குப் போனேன். மைமூனின் கணவர் ஹனிபா தையல் கடையில் இருந்தார், வீட்டில் அவள் மட்டும். காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவுங்களுக்குச் சொல்லிடாதீங்க டீச்சர். சார் கிட்ட வேணா சொல்லுங்க. என் வூட்டுக்காரருக்கு வேணாம்."

"எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

"தப்பா வந்தா நீங்க வரமாட்டீங்கன்னு லாத்தா மொத டப்பாவுல எழுதியிருந்துச்சு. நீங்க வரலைன்னா டப்பா வராது. டப்பா வரலைன்னா…" காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "படத்த முன்கூட்டியே எழுதி அனுப்பிக்கிற யோசனை என்னுதுதான். இது அடுத்த வியாழனுக்கு லாத்தா எழுதினது. நடுவுல ஏழெட்டைத் தப்பாச் சொல்லு, எல்லாம் சரின்னா சந்தேகப்படுவாங்கன்னும் நான்தான் எழுதினேன்."

"இதுல என்ன எழுதியிருக்காங்க?"

படித்துக் காட்டினாள். ஜுலைகாவின் பெரிய பெண்ணுக்குப் பல் விழுந்தது. மழையில் கொல்லைச் சுவர் சரிந்தது. "உம்மா நினைப்பு ஜாஸ்தியா வருது, ஒனக்கும் வருதா?" என்று அம்மாவைப் பற்றி ஒரு வரி. ஆறு வருஷத்தில் நடந்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் 1962 வரை வந்திருந்தார்கள்.

மறுநாள் காலை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா கொண்டுபோனதையும் மறைக்கவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கேட்டார்:

"அவுங்களே எடுத்துக்கட்டும்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"ஒத்துக்கிட்டது நான்." மேஜை டிராயரைத் திறந்து, இன்னும் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்த வெளிநாட்டுக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு சோதனை பாக்கி இருக்கு. ரெண்டு பேரையும் ஒரே அறையில உட்கார வச்சுப் பார்க்கணும். தூரத்தால வரலையா, பக்கத்துல இருந்தாலும் வராதான்னு ஒப்பிடணும் இல்லையா?"

"அதுக்கு இப்ப அவசியமே இல்லையே சார்."

"அவசியம் இருக்கு" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அன்றே இரண்டு கணவர்மாருக்கும், ஆராய்ச்சி முழுமை பெற இது இன்றியமையாதது என்று கெட்டித் தாளில் டைப் அடித்து அனுப்பினோம். பொய்யாக ஒரு வரியும் இல்லை. சுத்தமாக நடத்தப்பட்டால் அதுவும் ஒரு சோதனைதானே!

ஐந்தாவது வியாழன் ஜுலைகாவையும் அவள் கணவர் காதர் பாயையும் கூட்டிக்கொண்டு வந்தேன். துறைமுகத்தில் கயிறும் வலைநூலும் விற்கிறவர், அதிகம் பேசாதவர். அவர் பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொண்டார். ஜுலைகா வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் மட்டும் தெரிய என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளாறு வந்தபோது கேட்டாள்:

"மைமூன் முன்ன மாதிரியே இருக்காளா டீச்சர்?"

"முன்ன எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதே."

"ஆமால்ல" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

சார் வீட்டு அறையில் நடுவே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தோம். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒன்று. பேசக்கூடாது, பார்க்கக்கூடாது. மைமூன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். ஜுலைகா நாற்காலிக்குப் போகவில்லை. திரைக்கு அடியில் தெரிந்த பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆரம்பிக்கலாமா?" என்றார் சார். பிறகு வேட்டியை யார் விலக்கினார்கள் என்று தெரியாது. சத்தம் இல்லாமல் அழமுடியும் என்று அன்றுதான் பார்த்தேன். சார் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "காப்பி சொல்லிட்டு வர்றேன்" என்று வெளியே போனார். அரை மணி கழித்துத்தான் வந்தார்.

வாசலில் இருந்தது ஒரே ஒரு பெஞ்ச். அதன் இரண்டு முனையிலும் இரண்டு கணவர்மார் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பி கொடுக்கப் போனபோது ஹனிபா தொண்டையைச் செருமினார்.

"கடலூர்ல மழ உண்டா மச்சான்?"

காதர் பாய் டம்ளரை ஆற்றிக்கொண்டே இருந்தார். "இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "கொல்லச் செவுரு ஒண்ணு சரிஞ்சிடுச்சி" என்றார். அந்தச் செய்தி தன் வீட்டுக்குள் முன்பே வந்துவிட்டது ஹனிபாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, ஆனாலும் புதிதாகக் கேட்பதுபோல் நின்றேன்.

பிறகு சோதனையையும் நடத்தினோம். சீட்டுகளைச் சாரே கலைத்தார், திரையை மறுபடி கட்டினோம். நடுநடுவே இரண்டு பக்கமும் சிரிப்புச் சத்தம். ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து, இருபத்தைந்துக்கு மூன்று! குருட்டாம்போக்கைவிடக் குறைவு. சார் அதைப் பேரேட்டில் மை தொட்டு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். அவ்வளவு நிம்மதியாக அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ரம்ஜானுக்கு ஹனிபா குடும்பத்தோடு முதுநகர் போனார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். சார் இன்னும் ஏழெட்டு வருஷம் எண்ணிக்கொண்டிருந்தார். உறுதியாகச் சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை, அதை மறைக்கவும் இல்லை. கஞ்சி கொட்டிய காலையைப் பற்றி மைமூனிடம் தனியாகக் கேட்டேன். "அது நெசந்தான் டீச்சர், அல்லா மேல ஆணை" என்றாள். அவள் பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை. விளக்கமும் என்னிடம் இல்லை. அறுபது வருஷமாக அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

இனி வாசகருக்கு. ரயிலிலேயே போங்கள். இப்போது அகலப்பாதை, கரித்தூள் பயம் இல்லை. வேகமான வண்டியானால் முக்கால் மணிக்குள் முதுநகர் வந்துவிடும், ஆனால் அவசரமில்லாதவர்கள் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டியாகப் பாருங்கள். கடலூர் போகும்போது வலது பக்க ஜன்னல், காலை வெயிலுக்கு ஒரு துண்டு. பஸ்ஸில் போனால் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஆற்று முகத்துவாரம் தெரியாது. மதியச் சாப்பாட்டை முதுநகரில் வைத்துக்கொள்ளுங்கள், மீன் நன்றாக இருக்கும்.

அந்தப் பக்கம் உங்களுக்கு அக்கா தங்கை யாராவது இருந்தால், வருகிறோம் என்று முன்னாலேயே எழுதியோ பேசியோ சொல்லிவிடுங்கள். மனசில் நினைத்தாலே போய்ச் சேர்ந்துவிடும் என்று சும்மா இருக்காதீர்கள். நாங்கள் சோதித்துப் பார்த்துவிட்டோம்.