கதவில்லாத சரக்குப் பெட்டிகள்

அன்றைக்கு டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகர விளையாட்டு மண்டபத்தின் மூலை மேசையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: அம்மா, அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, பதினொரு வயது நான். மேசைக்கு அந்தப் பக்கம், மாதிரி ரயில்கள் ஓட்டுகிற கழகத்தின் தலைவர், கையில் கோப்பியோடு. அவருக்குப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு வயதானவர். கழகத்தில் எல்லாரும் அவரை இங்கிலாந்துக்காரர் என்றே சொன்னார்கள். மண்டபம் நிறையச் சனம் இருந்ததுதான், ஆனால் அவர்கள் எங்களைப் பார்க்க வந்தவர்களில்லை. நடு மேசையில் டென்மார்க் ரயில்கள் விளக்கெரிய ஓடிக்கொண்டிருந்தன. கண்கள் எல்லாம் அங்கேதான்.

எங்கள் மேசையில் நின்றது ஒரு பழைய பிரித்தானியச் சரக்கு ரயில். பெட்டி ஒவ்வொன்றும் கைக்கு அடங்குகிற அளவு. நீல உடம்பும் மஞ்சள் முகமுமாக ஒரு டீசல் எஞ்சின், அதன் பின்னால் கதவே இல்லாத சரக்குப் பெட்டிகள், கடைசியில் இரண்டு பக்கமும் விறாந்தை வைத்த ஒரு குட்டிக் காவலர் பெட்டி.

அதை மாமா பழைய சாமான் சந்தையில் வாங்கினார், எனக்கென்று சொல்லி. அப்போது அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஸ்கீவ நகரப் பக்கம் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவருக்குத் தோள்மூட்டு பழுதாகி, வேலை நின்றுபோனது. காலையில் சவரம் செய்து, வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கேயும் போகாமல் சோபாவில் இருப்பார். கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து தொலைபேசி வந்தால் மட்டும் எழும்பி நின்று கதைப்பார்.

எனக்கென்று வாங்கினாலும் நான் அந்த ரயிலைத் தொடவில்லை. உடைந்துவிடும் என்ற பயம். ஆகவே சாப்பாட்டு மேசையில் தண்டவாளம் போட்டவர் மாமாதான். நாங்கள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினோம். அம்மா கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு சொன்னாள்: "தம்பி, கலியாணம் கட்டுற வயசு தாண்டிப் போகுது, உனக்கு விளையாட்டுச் சாமான் கேக்குது. தீபாவளிக்குக் கிரின்ஸ்டெட்டிலை இருந்து எங்கடை சொந்தக்காரர் வருகினம். அதுக்குள்ளை எனக்கு மேசை வேணும். இல்லையெண்டால் வாங்கின இடத்திலையே கொண்டுபோய் வித்துப்போடு."

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழகத்துக்குப் போனார். நானும் போனேன், டேனிஷ் கதைக்க. தலைவர் நல்ல மனிதர். பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இங்கே உள்ளதல்ல, பிரித்தானியாவினுடையது, எங்களுக்குத் தெரியாது என்றார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். இந்த ரயில் எது, எந்தக் காலத்தது, எதை ஏற்றியது என்று கண்டுபிடித்து, படங்களோடு இலையுதிர்காலக் கண்காட்சியில் வைக்கவேண்டும். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். அது சரியாக அமைந்தால், கழகத்தின் நிலவறையில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதை மாமா எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது மாமா வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். எனக்கு அன்றிலிருந்தே, பிழையாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனைதான்.

மாமாவிடம் இருந்தது ஊரில் படித்த இலக்கண ஆங்கிலம். என்னிடம் இருந்தது தொலைக்காட்சி ஆங்கிலம். இரண்டையும் சேர்த்தால் ஓர் ஆளுக்குப் போதும். கணினியில் தேடப் போனபோதுதான் தெரிந்தது, மழையில் குடையும் இல்லாமல் நின்று சரக்கு ரயில்களைப் படம் எடுத்த மனிதர்கள் அந்த நாட்டில் எத்தனை பேர் என்று. ஆட்கள் போகிற ரயில்கூட இல்லை. கரியும் கல்லும் போகிற ரயில். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இன்னொருவர் வந்து, அது அந்த வகை இல்லை, இந்த வகை என்று சண்டை பிடித்திருந்தார். எனக்கு அவர்களை நன்றாகப் பிடித்துப்போனது. என்னைப்போலவே எதையும் ஒரு தரம் பார்த்து நம்பாதவர்கள்.

எஞ்சினை முதலில் பிடித்தோம். பக்கத்தில் எழுதியிருந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள்தான் அதன் வகை: முப்பத்தேழு. அந்தக் கண்டுபிடிப்பு மாமாவுக்குப் போதும். எனக்குப் போதாது. எஞ்சினின் மூக்கில் கண்ணாடிக்குள் வேறொரு எண்ணும் எழுத்தும் இருந்தன. அது எந்த வகை ரயில் வருகிறது என்று சிக்னல்காரருக்குச் சொல்வது. அந்த வழக்கத்தைப் பின்னர் நிறுத்திவிட்டார்கள். பக்கத்து எண்ணோ, அந்த வழக்கம் நிற்பதற்குச் சற்று முன்னர்தான் எழுதப்பட்டது. அப்படியானால் இரண்டும் ஒன்றாக இருந்தது எழுபதுகளின் நடுவில் கொஞ்சக் காலம் மட்டும். இதை நான் மூன்று வேறு இடங்களில் சரிபார்த்த பிறகும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தின் நடுவே பிழையாக இருக்குமோ என்று வியர்த்தது.

மூக்கிலிருந்த முதல் இலக்கம் ஒன்பது. பெட்டிகளுக்குத் தனித்தனி பிரேக் இல்லாத, மெதுவாகப் போகிற சரக்கு ரயில் என்று அர்த்தம். அதனால்தான் கடைசியில் பிரேக்கோடு ஒரு காவலர் பெட்டி. அதுவும் பொருந்தியது.

பொருந்தாதது கதவுதான். கரிப்பெட்டிக்குக் கதவு உண்டு, கற்பெட்டிக்கு அடியில் திறக்கிற வாய் உண்டு. எங்கள் பெட்டிகளில் எதுவும் இல்லை. அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மாமாவைப் பகிடி பண்ணுவார். "என்ன மச்சான், ஏத்தினவன் இறக்க வழி கண்டுபிடிச்சிட்டானோ? இல்லாட்டில் இன்னும் அந்தச் சாமான் உள்ளைதான் கிடக்குதோ?"

ஒரு நாள் பள்ளிக்குப் போகிற வழியில் குப்பை லொறி எங்கள் தெருத் தொட்டியைத் தூக்கி, அப்படியே கவிழ்த்துக் கொட்டி, திரும்ப இறக்கி வைத்தது. நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அன்று பின்னேரம் தேடியதில் படம் கிடைத்தது. முழுப் பெட்டியையும் ஓர் இரும்புக் கூட்டுக்குள் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். இரும்புத்தாது. வேல்ஸின் தெற்கில் ஒரு துறைமுகத்திலிருந்து உருக்காலைக்குப் போகிற இரும்புத்தாது ரயில். மாமா சோபாவிலிருந்து எழும்பி நின்று அந்தப் படத்தைப் பார்த்தார்.

ஆனால் நிறப் படங்களைப் பார்த்ததும் எனக்குப் புதுப் பயம் வந்தது. அவற்றில் பெட்டிகள் எல்லாம் தாதுத் தூள் படிந்து செம்பழுப்பாக இருந்தன. எங்கள் பெட்டிகள் புதுப் பாத்திரம்போல இருந்தன. ஊத்தையாக்க வேண்டும் என்று நான் சொன்னபோது மாமா சம்மதிக்கவில்லை. "காசு குடுத்து வாங்கின சாமானை ஆரும் ஊத்தையாக்குவினமே, பிள்ளை?"

கண்காட்சி சனிக்கிழமை. அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. அம்மா வழக்கம்போலப் பின்னேரமே படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்கினாள்: என் பள்ளிப் புத்தகங்கள், அப்பா வேலையிடத்துப் பூட்டுகளைத் திறக்கிற திறப்புக்கோர்வை, தன் தையல் மெசின். நானும் மாமாவும் படங்களை அச்செடுக்கப் போயிருந்தோம். இரவு பிந்தி வந்து நேரே படுத்துவிட்டோம். விடியக் காலை எழும்பிப் பார்த்தால், சாப்பாட்டு மேசை வெறுமையாக இருந்தது. ரயில் முழுதும் சரஸ்வதிக்கு முன்னால் நின்றது. எஞ்சினின் மஞ்சள் முகத்தில் சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு பெட்டியிலும் அதேபோல, ஈரமாகக் குழைத்து வைத்த வட்டப் பொட்டு.

மாமா கிட்டப் போய் நின்றார். அம்மா விசயதசமிப் பூசையை முடித்துத் தீபம் காட்டும்வரை பொறுத்திருந்தார், அதற்கு முன்னர் தொடக்கூடாது என்பதால். பிறகு ஈரத்துணியை எடுத்து முதல் பெட்டியைத் துடைத்தார். குங்குமம் போகவில்லை. கரைந்து, விலா எலும்புபோல இருந்த வரிகள் நெடுகச் செம்மண் நிறத்தில் வழிந்து, மூலைகளில் போய்த் தங்கியது. மாமா துணியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "சரி, முடிஞ்சுது. விப்பம்," என்றார்.

நான் அழத் தயாராக இருந்தேன். ஆனால் பயந்தால் எனக்குத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிற பழக்கம். அச்செடுத்த படத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு அடுத்த படத்தை.

"மாமா, துடைக்காதேங்கோ."

அவர் வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "மற்றப் பெட்டியளையும் இப்பிடிச் செய்யேலுமோ?" என்று மெதுவாகக் கேட்டார். செய்தோம். சந்தனம் காய்ந்த இடம் சேற்று நிறமாக வந்தது. மேல் விளிம்புக்கு வெளிறிய தூசி தேவைப்பட்டது. அதற்கு ஒன்றும் இல்லை என்று நான் தவித்தபோது, அம்மா விபூதித் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

அதனால்தான் அந்த மண்டபத்தில் நான் பெட்டிகளை மறைத்தாற்போல நின்றேன். படங்களும் பதில்களும் கையில் இருந்தாலும், நாங்கள் கொண்டுபோனது சாமித்தட்டுச் சாமானால் ஊத்தையாக்கிய ரயில்.

கழுத்தில் கண்ணாடி தொங்கியவர் அதைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஏன் கடைசியில் காவலர் பெட்டி என்றார். மூக்கிலுள்ள ஒன்பதைக் காட்டினேன். எந்த ஆண்டு என்றார். இரண்டு எண்களையும் காட்டிக் காரணம் சொன்னேன். ஏன் கதவில்லை என்றார். குப்பை லொறிக் கதையைச் சொன்னேன். தலைவர் கோப்பியைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பின்னாளில் நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சட்டம் போட்டு மாட்டச் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. ஆனால் அன்று கேட்ட எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன்.

கடைசியாக அவர் ஒரு பெட்டியை விரலால் தடவி, பெருவிரலோடு சேர்த்து உரசிப் பார்த்தார். இது என்ன தூள் என்று கேட்டார். மாமா மறைக்கவில்லை, சாமிக்கு வைப்பது, அக்கா வைத்தது என்று தன் இலக்கண ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். தான் இங்கிலாந்துக்காரனில்லை, வேல்ஸ்காரன் என்றார். இந்த ரயில் ஓடிய பாதைக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வீடு. இந்த ரயிலின் சத்தம் கேட்டால் அவருடைய தாய் ஓடிப்போய்க் கொடியில் காய்கிற உடுப்பெல்லாம் எடுப்பாராம், இந்த நிறம் படிந்துவிடும் என்று. பிறகு தலைவரிடம் திரும்பி, ஒரு பிழையும் இல்லை, ஓட விடுங்கள் என்றார்.

ஓட விட்டோம். நடு மேசையிலிருந்த சனம் எங்கள் மூலைக்கு வந்தது. பின்னேரம்வரை போகவில்லை. தலைவர் எல்லாருக்கும் முன்னால் நிலவறைத் திறப்பை மாமாவின் கையில் வைத்தார். அப்பா மண்டபத்துக்கு வெளியே நின்று கிரின்ஸ்டெட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். "எங்கடை பிள்ளை வெள்ளைக்காரருக்கு அவையின்ரை ரயிலையே விளங்கப்படுத்திப்போட்டாள்," என்று அவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில், காருக்குள் மாமா கேட்டார்: "அக்கா, விளையாட்டுச் சாமானைக் கொண்டுபோய் ஏன் பூசையிலை வைச்சனீங்கள்?"

அம்மா முன்னால் இருந்தாள். திரும்பவில்லை. "தொழிலுக்கு உரியதைத்தானே வைக்கிறது. ஒருநாளும் இல்லாமல் இந்த முறைதான் உனக்கெண்டும் ஒரு சாமான் இருந்தது. வைச்சன்," என்றாள்.

மாமா சட்டைப்பையில் கையை விட்டுத் திறப்பைத் தொட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொட்டார். முகத்தை யன்னல் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே இன்னொரு தரம். எனக்கு அது நன்றாகத் தெரிந்த விடயம். திறப்பு தொலைந்துவிடும் என்று மனிதர் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அதனால் வீடு வரும்வரை, அவருக்காக நானும் சேர்ந்து பயந்துகொண்டு வந்தேன்.