மார்கரெட் ஆன்ட்டி ஒரு தரம்தான் கேட்பார்

ஏவன்டேல் என்ற புறநகரில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்த பின்னறையையும், வீட்டுக்காரர் மார்கரெட் ஆன்ட்டியின் சமையலறையையும் இடித்து டவுன்ஹவுஸ் கட்டிவிட்டார்கள். இன்று அந்தத் தெருவில் யார் வீட்டிலிருந்தோ ஆட்டுக்கறி ரோஸ்ட் வாசனை வந்ததும், ஆவி படிந்த ஜன்னலும், குழையக் குழைய வேகும் முட்டைக்கோஸும், கிரேவி ஊற்றும் பீங்கான் ஜாடியும், சத்தமே இல்லாமல் சாப்பிடும் ஞாயிறு மத்தியானமும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

ஆன்ட்டி இங்கிலாந்துக்காரர். ஞாயிறுதோறும் எங்களையும் சாப்பிடக் கூப்பிடுவார். இன்னும் வேண்டுமா என்று ஒரே ஒரு தரம் கேட்பார். அம்மா கூச்சப்பட்டு வேண்டாம் என்பாள். உடனே ஆன்ட்டி சிரித்தபடி பாத்திரத்தை மூடிவிடுவார். வற்புறுத்தாமல் இருப்பதுதான் அவர்கள் மரியாதை.

அறைக்கு வந்ததும் அம்மா பசியோடு ரசம் சோறு பிசைவாள்.

"இன்னொரு வாட்டி கேட்டா அந்தம்மாவுக்கு வாயா வலிக்கும்?"

"நீதானேம்மா வேணாம்னு சொன்ன?"

"சொன்னா விட்டுடறதா? போடி வெள்ளக்காரி!"

போன மாதம் ஆஸ்பத்திரியில், "கஞ்சி வெச்சு எடுத்துட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம்டி, உனக்கெதுக்குச் சிரமம்" என்றாள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் நான் திரும்பி வருவதற்குள் அம்மா போய்விட்டாள். அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று நர்ஸ் சொன்னாள்.